குடும்பத்தில் திடீர் சாவுகள் இருந்தால் வம்ச வரைபடம் போடுவது எப்படி: லாங் க்யூடி ஆராய்ச்சி காட்டிய வழி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் குடும்பங்களில் பழைய சாவுகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் சில கதைகள் ஒரே மாதிரி வரும். நன்றாக நீச்சல் தெரிந்த பையன் கிணற்றில் குதித்தான், மேலே வரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் ஓடிய பெண் கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தாள். வெடிச்சத்தம் கேட்டு மயங்கியவர் எழவில்லை. "பயந்துட்டான்", "காத்து கருப்பு", "காக்கா வலிப்பு" என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி, கருமாதி முடித்து, அதோடு விட்டுவிடுவார்கள். ஒரு சாவு என்றால் தற்செயலாக இருக்கலாம். ஒரே ரத்தத்தில் இரண்டு, மூன்று என்றால் உட்கார்ந்து எழுதிப் பார்த்தே ஆக வேண்டும். என்ன எழுதுவது, யாரிடம் கேட்பது, எழுதியதை எங்கே கொண்டுபோவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நாம் தேடுவது லாங் க்யூடி சிண்ட்ரோம் என்ற பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்சார ரீதியாகப் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நேரம் எடுத்துக்கொள்கிறது. ஈ.சி.ஜி.யில் க்யூ என்ற இடத்தில் தொடங்கி டி அலை முடியும் வரையிலான தூரம்தான் அதன் அளவு. சிலருக்குப் பிறவியிலேயே இது நீண்டிருக்கும். மற்ற நேரமெல்லாம் ஒரு தொந்தரவும் இருக்காது. ஏதோ ஒரு நொடியில் துடிப்பு தாறுமாறாகி, இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கும். ஆள் விழுவார். தானாகச் சரியாகிவிட்டால் "மயக்கம் போட்டான், தெளிஞ்சிட்டான்" என்கிறோம், சரியாகவில்லை என்றால் சாவு. இத்தாலியில் 44,000-க்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளுக்கு ஈ.சி.ஜி. எடுத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று சொன்னது. அப்படிப் பார்த்தால் இது அவ்வளவு அபூர்வமான நோய் ஒன்றும் இல்லை.

டாக்டர் டெஸ்ட் எடுத்துச் சொல்லட்டும், நாம் ஏன் குடும்பக் கதையை எழுதிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்கலாம். இந்த நோயைக் கண்டுபிடித்ததே அப்படித்தான். ஈ.சி.ஜி. இயந்திரம் வருவதற்கு வெகு காலம் முன்பு, 1856-இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மருத்துவர் மைஸ்னர் ஒரு சம்பவத்தைக் குறித்து வைத்தார். காது கேளாத ஒரு சிறுமியைப் பள்ளியில் எல்லார் முன்னாலும் கண்டிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். நின்ற இடத்திலேயே விழுந்து இறந்துவிட்டாள். பெற்றோருக்குச் சொன்னால் அவர்களுக்கு அது பெரிய ஆச்சரியமாகவே இல்லை. அவர்களுடைய இன்னும் இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இப்படித்தான் போயிருந்தார்கள், ஒன்று பெரிய பயத்துக்குப் பிறகு, இன்னொன்று கடுங்கோபத்துக்குப் பிறகு. அதாவது படித்தவர்களுக்கு முன்னால் பெற்றவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது, அவர்களிடம் கேட்கத்தான் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நூறு ஆண்டுகள் ஆயின. 1957-இல் நார்வேயில் யெர்வெல், லாங்கெ-நீல்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரே குடும்பத்தின் ஆறு பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். நான்கு பேருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, அந்த நான்கு பேருக்கும் மயங்கி விழும் வழக்கம், அவர்களில் மூன்று பேர் 4, 5, 9 வயதில் திடீரென இறந்துபோனார்கள். ஈ.சி.ஜி.யில் க்யூடி நீண்டிருந்தது. தாய் தகப்பனுக்கு எந்தக் குறையும் இல்லை. 1963-இல் இத்தாலியில் ரோமானோவும் 1964-இல் அயர்லாந்தில் வார்டும், ஒருவரை ஒருவர் அறியாமலே, காது நன்றாகக் கேட்கிற குடும்பங்களிலும் இதே நோய் இருப்பதைப் பார்த்தார்கள். 1979-இல் அமெரிக்காவின் ஆர்தர் மாஸும் இத்தாலியின் பீட்டர் ஸ்வார்ட்ஸும் இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து ஒரு பன்னாட்டுப் பதிவேடு தொடங்கினார்கள். யார் வீட்டில் யார் எப்படி விழுந்தார்கள், யார் செத்தார்கள், யார் பிழைத்திருக்கிறார்கள் என்று குடும்பம் குடும்பமாக எழுதி, ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்த பதிவேடு அது. நமக்கு இன்று இந்த நோயைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பங்கு அதிலிருந்து வந்தது. நீங்கள் போடப்போகும் வரைபடம் அதே வேலையின் சின்ன வடிவம்தான்.

யாரிடம் கேட்பது

முதலில் வீட்டில் மூத்த பெண்களிடம் போங்கள். ஆண்களுக்கு நிலம் எப்போது வாங்கியது, யாரோடு கேஸ் நடந்தது என்பதெல்லாம் நினைவிருக்கும். எந்தப் பிள்ளை எந்த மழைக்காலத்தில் போனது என்பது பாட்டிகளுக்கும் பெரியம்மாக்களுக்கும்தான் தெரியும் (இது என் கருத்து, எங்கள் வீட்டு ஆண்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்). "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் உயிரோடு இருப்பவர்களை மட்டும் சொல்வார்கள். "எத்தனை பெத்தீங்க ஆயா, எத்தனை தங்குச்சு?" என்று கேளுங்கள், கணக்கு மாறும்.

குலதெய்வம் கோயிலுக்குப் பங்காளிகள் எல்லாரும் ஒன்றுகூடும் நாள் நல்ல வாய்ப்பு, ஆனால் அது மட்டும் போதாது. பங்காளி என்றால் அப்பா வழி மட்டும்தானே. இந்த நோயைக் கொண்டுவரும் கெட்டுப்போன ஜீன் அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே இறங்கும். கட்டிக்கொடுத்த அத்தைகளும் அவர்கள் பிள்ளைகளும் பங்காளிக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள், அம்மாவின் பிறந்த வீடும் இருக்காது. அவர்களைத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும், அல்லது போன் போட வேண்டும். யார் யார் எந்த ஊரில் என்று மறந்திருந்தால் பழைய கல்யாண மொய் நோட்டை எடுங்கள். பாலக்கோடு, காரிமங்கலம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று ஊர்ப் பெயரோடு உறவுக்காரர் பட்டியல் அப்படியே இருக்கும், இதைவிட நல்ல ஆவணம் நம்மிடம் இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்மன் சமயத்தார் தலைமுறை தலைமுறையாக வம்சப் பதிவுகளை எழுதி வைத்திருந்ததும், அங்கே குடும்பங்கள் பெரிதாக இருந்ததும்தான் பரம்பரை நோய் ஆராய்ச்சிக்கு அந்த ஊரை இவ்வளவு வசதியாக்கின. மொய் நோட்டு வைத்திருக்கும் நாமும் ரொம்பக் குறைந்துபோய்விடவில்லை.

ஒரு எச்சரிக்கை. நம் பகுதியில் 1980, 90-களில் பெண் சிசுக்களுக்கு என்ன நடந்தது, அதனால்தானே தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் பிறந்து சில நாளில் இறந்த பெண் குழந்தையைப் பற்றி ஒரு வயதான அம்மா பேசாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி வையுங்கள், போதும். தோண்டித் துருவிக் கேட்டால் அந்த வீட்டில் அடுத்த கேள்விக்குப் பதில் கிடைக்காது. அதேபோலச் சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் நோட்டை விரிக்காதீர்கள், பதினாறு கழியட்டும்.

என்ன கேட்பது

"எதனால செத்தாங்க?" என்பது பயனில்லாத கேள்வி. "அட்டாக்கு" என்றோ "ஃபிட்ஸு" என்றோ பதில் வரும், இறப்புச் சான்றிதழிலும் பல நேரம் அதுவே இருக்கும். கிணற்றில் இறந்தவருக்குப் போஸ்ட்மார்ட்டம் செய்திருந்தால்கூட ஒன்றும் தெரிந்திருக்காது, ஏனென்றால் இந்த நோயில் இதயத்தின் அமைப்பு சரியாகவே இருக்கும். கோளாறு மின்சாரத்தில், அது உயிரோடு சேர்ந்து போய்விடும். ஆகவே கேட்க வேண்டியது: அப்போது என்ன வயது, அந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தார், அதற்கு முன்னால் எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாரா.

நடுக்கேள்விதான் தங்கம். எந்த ஜீன் கெட்டிருக்கிறது என்பதை வைத்து இந்த நோயை முதல், இரண்டாம், மூன்றாம் வகை என்று பிரிக்கிறார்கள். 2001-இல் ஸ்வார்ட்ஸ் குழுவினர் ஜீன் வகை தெரிந்த 670 நோயாளிகளின் கதைகளை அடுக்கிப் பார்த்தார்கள். முதல் வகைக்காரர்களுக்கு 62 விழுக்காடு சம்பவங்கள் உடல் உழைப்பின்போது நடந்திருந்தன. நீந்தும்போது நடந்தவை கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகைதான். இரண்டாம் வகைக்கு 43 விழுக்காடு பயம், கோபம், அதிர்ச்சி போன்ற உணர்ச்சி வேகத்தில். அலாரம் அடிப்பது, போன் மணி, திடீர்ச் சத்தம் இவையும் பெரும்பாலும் இந்த வகையையே பாதித்தன. மூன்றாம் வகைக்கு 39 விழுக்காடு தூக்கத்தில் அல்லது சும்மா இருக்கும்போது. ஆக "கிணத்துல குதிச்சான்", "அலாரம் அடிச்சு எழுந்திரிச்சவ அப்படியே சாஞ்சா", "ராத்திரி நல்லாத்தான் படுத்தான், காலையில எழலை" என்பவை மூன்றும் டாக்டருக்கு மூன்று தனித்தனித் தகவல்கள். சொல்பவரின் வார்த்தையிலேயே எழுதுங்கள், நீங்களாக "மாரடைப்பு" என்று திருத்தி எழுத வேண்டாம்.

இன்னும் சிலவற்றையும் விடாமல் கேட்க வேண்டும். யாருக்காவது பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காதா? யாராவது வலிப்பு மாத்திரை பல வருஷமாகச் சாப்பிட்டும் விழுவது நிற்காமல் இருந்ததா? லாங் க்யூடி மயக்கத்தில் மூளைக்கு ரத்தம் போகாமல் கை கால் வெட்டும், பார்ப்பவர்களுக்கு அது வலிப்பாகவே தெரியும். அப்படித் தவறாக வலிப்பு என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. பிரசவத்துக்குப் பிறகான மாதங்களில் இறந்த பெண் உண்டா? இரண்டாம் வகையில் அந்தக் காலம் ஆபத்தானது. விழுந்த நாளில் வாந்தி பேதி இருந்ததா, என்ன மாத்திரை சாப்பிட்டார்? இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அறுபது வயதில் சர்க்கரையும் பீடியுமாக இருந்து நெஞ்சு வலியோடு போன தாத்தாவையும் எழுதுங்கள், ஆனால் அவரை வைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாம் முக்கியமாகத் தேடுவது நாற்பதுக்குக் கீழே, நோய்நொடி இல்லாமல், திடீரென்று நடந்த சாவுகளையும் காரணம் தெரியாத மயக்கங்களையும்.

வரைபடம்

ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கிக்கொள்ளுங்கள், நோட்டுப் பக்கத்தில் அடங்காது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் மேல் குறுக்காக ஒரு கோடு, பக்கத்தில் இறந்த வயது. மயக்கமோ திடீர் சாவோ உள்ளவரின் கட்டத்தை நிரப்பிவிடுங்கள். கணவன் மனைவிக்கு இடையில் ஒரு கோடு, அவர்கள் ஏற்கெனவே ரத்த உறவு என்றால் இரட்டைக் கோடு. யாருக்காக இந்த வேலையைத் தொடங்கினீர்களோ அவர் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. உலகம் முழுக்க மருத்துவர்கள் இதே குறிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள், எந்த ஊர் டாக்டரும் பார்த்ததும் படித்துவிடுவார். குறைந்தது மூன்று தலைமுறை வேண்டும்.

நம் ஊரில் அந்த இரட்டைக் கோடு நிறைய வரும். தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால் பங்குக்கு மேல் சொந்தத்தில் நடப்பவை, அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் நம் பக்கம் சாதாரணம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கணக்கை மட்டும் சொல்கிறேன். ரோமானோ-வார்டு வகையில் கெட்டுப்போன ஜீன் ஒரு பிரதி இருந்தாலே நோய் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்க பாதி வாய்ப்பு. யெர்வெல் வகையில் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளும் கெட்டிருக்கும், அதனால்தான் காதும் கேட்காது, இதய நோயும் மிகக் கடுமையாக இருக்கும். இப்போது தாய்மாமன் ஒருவரிடம் அவருடைய அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்த அந்த ஜீன் ஒரு பிரதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அக்காவிடம் அது இருக்க பாதி வாய்ப்பு, அக்கா மகளிடம் இருக்க கால் வாய்ப்பு. வெளியில் பெண் எடுத்தால் இந்த வாய்ப்பு மிக மிகக் குறைவு. மாமன், அக்கா மகள் இருவரிடமும் இருந்துவிட்டால் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதியும் சேர கால் வாய்ப்பு. 1957-இல் நார்வே மருத்துவர்கள் பார்த்தது இப்படி இரண்டு பிரதியும் சேர்ந்த பிள்ளைகளைத்தான், ஜீன் அளவில் இது உறுதியானது 1997-இல்.

ஆகவே உங்கள் வரைபடத்தில் இரட்டைக் கோட்டுக்குக் கீழே காது கேளாத பிள்ளை ஒன்று இருந்தால், அந்தப் பிள்ளைக்கு இதுவரை மயக்கமே வந்ததில்லை என்றாலும், முதல் வேலையாக ஈ.சி.ஜி. எடுங்கள். காது கேட்க வைக்கும் கருவி பொருத்தும் காக்லியர் இம்பிளாண்ட் ஆபரேஷனுக்குப் பதிவு செய்திருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். காது கேளாத எல்லாப் பிள்ளைக்கும் இந்த நோய் இருக்காது, மிகச் சிலருக்குத்தான் இருக்கும். ஆனால் ஈ.சி.ஜி. ஐந்து நிமிட வேலை.

வரைபடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா ஒரு சாட்சி. அங்கே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று நினைத்த 22 ஆப்பிரிக்கானர் (அங்கே குடியேறிய ஐரோப்பியர் வழி வந்தவர்கள்) குடும்பங்களில் ஒரே ஜீன் கோளாறு இருந்தது. பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் 1730 வாக்கில் கல்யாணம் செய்த ஒரே தம்பதியில் போய் நின்றது. அதனால் "அவங்க வேற வகையறா, நமக்கு என்ன" என்று யாரையும் உடனே ஒதுக்கிவிட வேண்டாம்.

ஈ.சி.ஜி.

வரைபடத்தில் நிரப்பிய கட்டங்களுக்கு நேர் உறவான பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லாருக்கும் ஈ.சி.ஜி. வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எடுக்கலாம், தாலுகா மருத்துவமனையிலும் எடுப்பார்கள். எடுத்த தாளைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் வெயிலில் வெளுத்துப்போகும்.

தாளில் இயந்திரமே ஒரு க்யூடிசி எண்ணை, அதாவது துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடியை, போட்டிருக்கும். அதை அப்படியே நம்பாமல் டாக்டரைக் கையால் அளக்கச் சொல்லுங்கள். சும்மா தெரிந்துகொள்ள நீங்களும் அளந்து பார்க்கலாம். வழக்கமான வேகத்தில் ஓடிய தாளில் ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.2 நொடி. துடிப்பு வேகமானால் க்யூடி இயல்பாகவே சுருங்கும், அதனால் 1920-இல் பாசெட் என்பவர் ஒரு சூத்திரம் கொடுத்தார்: க்யூடியை, இரண்டு துடிப்புக்கு இடைப்பட்ட நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். க்யூடி 0.44 நொடி, துடிப்பு இடைவெளி 0.8 நொடி என்றால், 0.8-இன் வர்க்கமூலம் 0.894, வகுத்தால் 0.492, அதாவது 492 மில்லி நொடி. அதே 0.44, துடிப்பு இடைவெளி ஒரு நொடியாக இருந்தால் வெறும் 440தான். பெரியவர்களில் ஆணுக்கு 450, பெண்ணுக்கு 460 தாண்டினால் நீளம் என்பார்கள். திரும்பத் திரும்ப எடுத்தும் 480-ஐத் தொட்டால் வேறு காரணம் இல்லாதபோது நோய் என்றே முடிவு செய்ய இடமுண்டு. துடிப்பு ரொம்ப வேகமாக இருக்கும்போது பாசெட் கணக்கு மிகைப்படுத்திக் காட்டும், அதனால் அழுது அடம்பிடிக்கும் குழந்தையின் தாளைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஈ.சி.ஜி. நார்மல் என்பதால் மட்டும் ஒருவரை விடுவித்துவிட முடியாது. யூட்டாவில் மைக்கேல் வின்சென்ட், மார்க் கீட்டிங் குழுவினர் 1992-இல் இதைக் காட்டினார்கள். ஜீன் இருந்தவர்களின் க்யூடிசி 0.41 முதல் 0.59 நொடி வரை, இல்லாதவர்களுடையது 0.38 முதல் 0.47 வரை. நடுவில் 0.41-இலிருந்து 0.47 வரை இரண்டு கூட்டமும் கலந்து கிடக்கிறது. அந்த இடைவெளியில் விழுகிறவருக்குத் தாள் மட்டும் பதில் சொல்லாது. டிரெட்மில்லில் ஓடவிட்டு, ஓடும்போதும் பிறகு ஓய்வெடுக்கும்போதும் க்யூடி எப்படி மாறுகிறது என்று பார்ப்பார்கள், அப்புறம் ஜீன் டெஸ்ட், அப்புறம் நீங்கள் கொண்டுபோன வரைபடம். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஸ்வார்ட்ஸ் மதிப்பெண் முறையில் குடும்பக் கதைக்கு நேரடியாகவே மார்க் உண்டு: உறுதியான லாங் க்யூடி உள்ள உறவினர் இருந்தால் 1, மிக நெருங்கிய உறவில் 30 வயதுக்குள் காரணம் தெரியாத திடீர் சாவு இருந்தால் அரை, பிறவிக் காது கேளாமைக்கு அரை, பதற்றத்திலோ உழைப்பிலோ வந்த மயக்கத்துக்கு 2. மொத்தம் மூன்றரை வந்தால் நோய்க்கான வாய்ப்பு மிக அதிகம். பாட்டியிடம் கேட்டு எழுதியதில் பாதி மார்க் இருக்கிறது.

எங்கே போவது

இதய மருத்துவர்களிலும் துடிப்புக் கோளாறுக்கென்று தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் என்பார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர் ஜெயதேவா இதய மருத்துவமனை கிட்ட, ஊத்தங்கரை, பர்கூர் பக்கத்தவர்களுக்கு வேலூர் சி.எம்.சி. போய்வரக்கூடிய தூரம். எங்கே போனாலும் முதலில் உள்ளூர் அரசு மருத்துவமனை மருத்துவரிடம் காட்டி ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கவுண்டரில் எதற்கெல்லாம் உதவி கிடைக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் கதை சொல்லத் தொடங்காமல் சார்ட்டை விரியுங்கள். "எங்கள் குடும்பத்தில் இத்தனை வயதுக்குள் இத்தனை பேர் திடீரென்று இறந்திருக்கிறார்கள், லாங் க்யூடியா என்று பார்க்க வேண்டும்" என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். எல்லா டாக்டரும் உடனே காது கொடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். "இந்த வயசுல என்னம்மா ஹார்ட்டு" என்று அனுப்பிவிடுபவர்களும் உண்டு, அப்போது அடுத்தவரிடம் போங்கள்.

ஜீன் டெஸ்ட் பற்றி

1991-இல் கீட்டிங் குழு யூட்டா குடும்பங்களை வைத்து நோய் 11-ஆம் குரோமோசோமில் ஓரிடத்தோடு சேர்ந்தே இறங்குவதைக் கண்டுபிடித்தது. அந்த இடத்தில் இருந்த ஒரு பிரபலமான ஜீன் மேல்தான் முதல் சந்தேகம் விழுந்தது. உண்மையான குற்றவாளி பக்கத்து வீட்டுக்காரன் என்று 1996-இல் தெரிந்தது. இன்று அதன் பெயர் கே.சி.என்.க்யூ.1, முதல் வகை. அதற்கு முந்தைய ஆண்டே, 1995-இல், மற்ற இரண்டு முக்கிய ஜீன்களும் வெளிவந்துவிட்டன: ஹெர்க் என்ற பொட்டாசியம் வாய்க்கால் ஜீன் (இரண்டாம் வகை), எஸ்.சி.என்.5.ஏ. என்ற சோடியம் வாய்க்கால் ஜீன் (மூன்றாம் வகை). வாய்க்கால் என்பது இதய செல்லுக்குள் உப்புகள் போய்வரும் வழி. ஹெர்க்கின் முன்னோடி பழ ஈயில் இருந்தது. ஈதர் மயக்கம் கொடுத்தால் டான்ஸ் ஆடுவதுபோல் காலை உதறும் ஒரு ஈ. அதைப் பார்த்துச் சிரித்த யாரும் அது மனிதன் சாவில் வந்து முடியும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

டெஸ்ட் கொடுக்கும்போது குடும்பத்தில் நோய் மிகத் தெளிவாகத் தெரிகிறவரிடமிருந்து முதலில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அவரிடம் கோளாறு கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும், இருக்கு இல்லை என்ற பதிலும் தெளிவாக வரும். நோய் உறுதியானவர்களிலும் நான்கில் மூன்று பேருக்குத்தான் ஜீன் பிடிபடும், ஆக அவரிடமே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் "நோய் இல்லை" என்று அர்த்தமில்லை. ரிப்போர்ட்டில் "முக்கியத்துவம் நிச்சயமில்லாத மாற்றம்" என்று வந்தால் அதை வைத்து யாருக்கும் நோய்ப் பட்டம் கட்டாதீர்கள், கல்யாணத்தை நிறுத்தாதீர்கள். லாங் க்யூடிக்குக் காரணம் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்த 17 ஜீன்களை 2020-இல் மறுபடி சோதித்தபோது, வழக்கமான லாங் க்யூடிக்கு அசைக்க முடியாத ஆதாரம் இருந்தது மேலே சொன்ன அந்த மூன்றுக்குத்தான்.

சிகிச்சையும் அதுவரைக்கும்

நல்ல செய்தி என்னவென்றால் சிகிச்சை ஜீனுக்கு முன்பே வந்துவிட்டது. புரொப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சாவைப் பெருமளவு குறைப்பது 1970-களிலேயே தெரிந்தது, விலையும் குறைவு. 1971-இல் மாஸும் மெக்டொனால்டும் இதயத்துக்குப் போகும் இடப்பக்க நரம்பு முடிச்சை வெட்டி ஒரு நோயாளியைக் காப்பாற்றினார்கள், அந்த அறுவைச் சிகிச்சை இன்றும் தேவைப்படும் இடத்தில் செய்யப்படுகிறது. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு, துடிப்பு தாறுமாறானால் மின்சாரம் பாய்ச்சிச் சரிசெய்யும் ஐ.சி.டி. என்ற கருவியை நெஞ்சில் வைப்பார்கள். எது யாருக்கு என்பது டாக்டர் முடிவு. மாத்திரை தொடங்கியபின் "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுவதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய வேலை, அதை மட்டும் செய்ய வேண்டாம்.

டாக்டரைப் பார்க்கும் வரைக்கும், நோய் இருப்பதாகச் சந்தேகப்படும் யாரையும் கிணற்றிலோ கே.ஆர்.பி. அணையிலோ ஒகேனக்கல்லிலோ நீந்த விடாதீர்கள், தனியாக நிச்சயமாகக் கூடாது. தலைமாட்டில் அலறும் அலாரம் வேண்டாம், பின்னாலிருந்து கத்திப் பயமுறுத்தும் விளையாட்டும் வேண்டாம். வாந்தி பேதி வந்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், அது க்யூடியை இன்னும் நீட்டும். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து, சீக்கிரமாக மருத்துவமனை போங்கள்.

மாத்திரைகள் தனிக் கதை. சளிக்குக் கொடுக்கும் அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பேதிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின், வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான், வாயு மாத்திரையோடு சேர்ந்தே வரும் டோம்பெரிடோன், படைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், மலேரியா மருந்து குளோரோக்வின், இவை எல்லாம் க்யூடியை நீட்டக்கூடியவை. இப்படி நீட்டும் மருந்துகள் பெரும்பாலும் மேலே சொன்ன ஹெர்க் ஜீன் உண்டாக்கும் வாய்க்காலைத்தான் அடைக்கின்றன. டெர்ஃபெனடின் என்ற அலர்ஜி மருந்தும் சிசாப்ரைடு என்ற வயிற்று மருந்தும் இதனால் அமெரிக்கச் சந்தையை விட்டே போயின, இப்போது புது மருந்துகள் பெரும்பாலும் ஹெர்க் சோதனையைத் தாண்டித்தான் வருகின்றன. சாதாரண ஆளுக்கு இவற்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது; லாங் க்யூடி உள்ளவருக்கு ஒரு கோர்ஸ் போதும். மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு நாலு மாத்திரை கொடுப்பா" என்று வாங்கும் பழக்கத்தை அந்த வீட்டில் நிறுத்த வேண்டும். கிரெடிபிள்மெட்ஸ் என்ற இணையதளத்தில் முழுப் பட்டியலும் இருக்கிறது, புதிதாக எந்த மருந்து எழுதினாலும் அதில் பார்க்கும்படி டாக்டரைக் கேட்கலாம்.

வீட்டில் யாராவது விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் கையில் சாவிக்கொத்து திணிப்பதும் வெங்காயம் முகரக் கொடுப்பதும் வேண்டாம். ஒருவர் 108-க்குப் போன் போட, இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் இரு கையையும் வைத்து, பெரியவர் என்றால் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில் ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பிள்ளையின் வகுப்பு ஆசிரியருக்கும் பி.டி. வாத்தியாருக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், நோய் உறுதியானால் டாக்டர் கடிதத்தின் நகல் ஒன்றையும் பள்ளியில் கொடுத்து வையுங்கள்.